"பாதுகாப்பு விரைவுக்குறி" வேண்டாமே, "ஒப்பமிட்ட விரைவுக்குறி"ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

மின்கையொப்பம் (டிஜிட்டல் சிக்னேச்சர்) போட்ட க்யூஆர் கோடுக்குத் தமிழ்ல "பாதுகாப்பு விரைவுக்குறி"ன்னு பேர் வைக்கலாம்னு வந்த பரிந்துரையப் பாத்தேன். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேர், உண்மையில இல்லாத பாதுகாப்ப இருக்கிறதா சொல்லுதுன்னு எனக்குப் படுது.

ஆதார் அட்டையில இருக்கிற குறிய எடுத்துக்குங்க. அதுல பேர், முகவரி, போட்டோ எல்லாம் இருக்கு, கூடவே ஆதார் ஆணையத்தோட மின்கையொப்பமும் இருக்கு. ஒரு எழுத்த மாத்தினாலும் ஒப்பம் பொருந்தாது, நெட் இல்லாமலே செயலி கண்டுபிடிச்சிரும். ஆனா உள்ள இருக்கிறத யார் வேணா படிக்கலாம். கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில சான்றொப்பம் போட்ட ஜெராக்ஸ் மாதிரிதான், யார் கையெழுத்துன்னு தெரியுமே ஒழிய ரகசியம் எதுவும் கிடையாது. ரகசியமா வைக்கிறது வேற சங்கதி. 1994ல க்யூஆர உருவாக்கின அதே ஜப்பானிய டென்சோ குழுமம், ரகசியச் சாவி இருந்தா மட்டும் படிக்கக்கூடிய பகுதி வெச்ச குறியும் தருது. அதுக்கு "மறைவுக்குறி"ன்னு தனியா ஒரு பேர் விட்டு வைக்கணும், ரெண்டையும் ஒரே "பாதுகாப்பு"க்குள்ள அடைச்சா பின்னாடி பிரிக்கவே முடியாது.

இத நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் யூபிஐ. அதோட குறிக்குள்ள இருக்கிற பண இணைப்புலயே ஒப்பத்துக்குன்னு ஒரு தனி இடம் இருக்கு, நல்ல ஏற்பாடு. ஆனா கடை ஸ்டிக்கர் மேல இன்னொருத்தன் தன்னோட ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போறான்னு வைங்க, அவன் குறியும் முறையா கணக்குத் தொறந்து ஒப்பத்தோட வாங்கினதா இருக்கலாம், செயலி சரின்னுதான் காட்டும், பணம் மட்டும் அவனுக்குப் போயிரும். அங்க காப்பாத்துறது திரையில வர்ற பேரப் படிச்சு கடைக்காரர்கிட்ட கேக்கிறதுதான். "பாதுகாப்பு"ன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா எந்தப் பாட்டி நின்னு பேரப் படிப்பாங்க?

மருந்து அட்டையும் இப்படித்தான். 2023 ஆகஸ்ட்லேர்ந்து 300 மருந்து பிராண்டுகளுக்குக் குறி கட்டாயம். அதுல ஒப்பம் சேத்தாலும் அச்சு அசலா நகலெடுத்தா ஒப்பமும் கூடவே நகலாகும், ஒவ்வொரு அட்டைக்கும் தனி எண் குடுத்து சர்வர்ல சரிபாத்தாதான் பிடிபடும்.

அதனால என் பரிந்துரை "ஒப்பமிட்ட விரைவுக்குறி". எதிர்ச்சொல் "ஒப்பமிலா விரைவுக்குறி", சோதிக்கிறதுக்கு "ஒப்பச் சரிபார்ப்பு". "ஒப்பமிட்ட"ங்கிறதுக்குப் பதிலா "அங்கீகரிக்கப்பட்ட"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது அனுமதி குடுக்கிறதுக்கு ஏற்கெனவே புழங்குது, தொட வேண்டாம்.

பணம் அனுப்புற செயலியோட திரைக்கு மூணு வரி எழுதிப் பாத்தேன், மொழிபெயர்ப்புக் குழு பாத்துச் சொல்லுங்க:

"ஒப்பம் சரி. பணம் பெறுபவர் பெயரைப் பாருங்கள்."
"ஒப்பம் பொருந்தவில்லை. பணம் அனுப்ப வேண்டாம்."
"இந்தக் குறியில் ஒப்பம் இல்லை."

மூணாவதுல என்ன செய்யணும்னும் ஒரு வரி வேணும், எனக்கு இன்னும் சரியா அமையல.