பொருள்: ‘ஹெட்லைன் எர்னிங்ஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

செ., டர்பன்

அனைவருக்கும் வணக்கம்.

பங்கு வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்காகத் தொகுக்கும் நிதிச் சொல்லடைவில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. தேய்மானம், நற்பெயர், பங்காதாயம், நிறையிட்ட சராசரி ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. இழுபறியாக நிற்பது ஹெட்லைன் எர்னிங்ஸ்தான்: சொத்து விற்ற இலாபம், சொத்தின் மதிப்பிழப்பு போன்றவற்றை நீக்கிப் பார்க்கும் இலாப எண். ஜொகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் இந்த எண் இல்லாமல் முடிவுகளை வெளியிட முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் இது கட்டாயமில்லை. ஆகவே இதற்கான சொல்லை நாம்தான் உருவாக்க வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: தலைப்பு வருவாய், முதன்மை ஈட்டம், தொழில் ஈட்டம், வழக்கமான ஈட்டம். சொல்லைப் பற்றிப் பேசுமுன் கணக்கை எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எழுதியவை.

ஒரு நிறுவனத்தில் சாதாரணப் பங்குதாரருக்கு உரிய இலாபம் 240 மில்லியன் ராண்ட். அதற்குள் கட்டடம் விற்ற இலாபம் 50 மில்லியன் இருக்கிறது. நற்பெயரின் (குட்வில்: வேறொரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) மதிப்பிழப்பு 20 மில்லியனும் அதில் ஏற்கெனவே கழிந்திருக்கிறது. கட்டட இலாபத்தை எடுத்துவிட வேண்டும். அதோடு சேர்ந்த வரியையும் எடுக்க வேண்டும். நிறுவன வரி 27 விழுக்காடு, மூலதன ஆதாயத்தில் 80 விழுக்காடு மட்டும் வரிக்குள் வரும், ஆக 21.6 விழுக்காடு. 50 மில்லியனுக்கு வரி 10.8 மில்லியன். நற்பெயர் மதிப்பிழப்புக்கு வரிச் சலுகை இல்லாததால் 20 மில்லியனை முழுதாகத் திரும்பக் கூட்டலாம்.

240 − 50 + 10.8 + 20 = 220.8 மில்லியன்.

ஆண்டுத் தொடக்கத்தில் 100 மில்லியன் பங்குகள், சரியாக நடு ஆண்டில் புதிதாக 40 மில்லியன். புதியவை அரை ஆண்டே இருந்ததால் பாதியாகக் கணக்கில் வரும், ஆக நிறையிட்ட சராசரி 120 மில்லியன். பங்கொன்றுக்கான அடிப்படை ஈட்டம் 200 சென்ட், ஹெட்லைன் ஈட்டம் 184 சென்ட்.

இரண்டுக்கும் கீழ் எண் ஒன்றேதான். ஆண்டிறுதியில் இருக்கும் 140 மில்லியனால் வகுத்தால் 157.7 என்று வரும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தாமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பங்குதாரர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

— செ.

வே., சாண்டன்

செ. அக்கா, கணக்குக்கு நன்றி. இரண்டு சேர்க்கை.

21.6 விழுக்காடு என்பது கணக்கேட்டு இலாபமும் மூலதன ஆதாயமும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே சரி. அந்தக் கட்டடத்துக்கு முன் ஆண்டுகளில் வரிக் கணக்கில் தேய்மானம் கழித்திருந்தால், விற்பனையில் திரும்பி வரும் அந்தப் பகுதிக்கு முழு 27 விழுக்காடு. வரியை மொத்தத்துக்கு ஒரே விகிதத்தில் போட்டுவிடுவது தணிக்கையில் அடிக்கடி பிடிபடும் பிழை.

இன்னொன்று சிறுபான்மைப் பங்கு. கட்டடம் 75 விழுக்காடு மட்டுமே நமக்குச் சொந்தமான துணை நிறுவனத்துடையது என்றால், வரி போக மிஞ்சும் 39.2 மில்லியனில் நம் பங்கான 29.4 மட்டும்தான் 240க்குள் வந்திருக்கும். எடுப்பதும் அவ்வளவே. அப்போது 230.6 மில்லியன், பங்குக்கு 192.2 சென்ட். முழு 39.2ஐ எடுத்தால் நம்மிடம் இல்லாத இலாபத்தைக் கழித்ததாகிவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘வருவாய்’ கூடவே கூடாது. வருமான அறிக்கையின் முதல் வரியில் விற்பனைத் தொகைக்கு வருவாய் என்று வைத்துவிட்டோம். கடைசி வரிக்கும் அதே சொல்லை வைத்தால், “வருவாய் 8 விழுக்காடு உயர்ந்தது, வருவாய் 12 விழுக்காடு சரிந்தது” என்று ஒரே பத்தியில் எழுத வேண்டி வரும். ஈட்டம் இருக்கட்டும்.

‘தொழில் ஈட்டம்’ என்பதையும் ஏற்க மாட்டேன். படிப்பவர் அதை வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் என்றே எடுத்துக்கொள்வார். இந்த எண் வட்டி, வரி இரண்டும் கழிந்தது. 2027 ஜனவரி 1 முதல் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் நடைமுறைக்கு வந்ததும் செயற்பாட்டு இலாபம் ஒவ்வொரு அறிக்கையிலும் கட்டாய வரியாக நிற்கும். அப்போது குழப்பம் இரட்டிப்பாகும்.

— வே.

த., பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம். கணக்கு உங்களுடையது, நான் சொல்லை மட்டும் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தை அப்படியே பிரித்தால் தலை + வரி. ‘தலைவரி ஈட்டம்’ என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். நாட்டாலில் இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்களிடம் ஆண்டுக்கு 3 பவுண்ட் பிடுங்கினார்களே, அதுதான் தமிழில் தலைவரி. 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தி, 1914இல் அந்த வரியை நீக்க வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக எழுதும் சொல்லடைவில் அது பங்கு ஈட்டத்தின் பெயராக வரக் கூடாது.

சுருக்கினால் ‘தலையீட்டம்’. அது ‘தலையீடு’ என்றே காதில் விழும்.

‘தலைப்பு ஈட்டம்’ பிழையில்லை. ஆனால் தலைப்பு என்றால் கட்டுரையின் பெயர், சேலையின் முந்தி. ஈட்டத்தோடு ஒட்டவில்லை.

என் பரிந்துரை: முகப்பு ஈட்டம். கோயிலுக்குள் நுழையுமுன் கண்ணில் படுவது முகப்பு. அறிக்கையைத் திறந்ததும் கண்ணில் படும் எண் என்ற பொருள் கிடைக்கும். இணையத்தால் எல்லோருக்கும் பழகிய சொல்லும்கூட.

— த.

ந., ஜொகன்னஸ்பர்க்

ஐயாவின் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அது என்ன எண் என்று முகப்பு சொல்லவில்லையே. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணக்கீடு படித்தபோது ஈட்டத்துக்கு ‘உழைப்பு’ என்றார்கள், ஐந்தொகை, பெறுமானத்தேய்வு என்றார்கள். சொல்லைப் பார்த்ததும் பொருள் பிடிபட வேண்டும் என்பதே எங்களுக்குக் கற்பித்த முறை. இந்த எண்ணின் உள்ளடக்கம் என்ன? சொத்து, பொறுப்புகளின் தொகை முதல் பதிவுக்குப் பிறகு மாறியதால் வந்த இலாப நட்டத்தை நீக்குவது. ஆகவே ‘மறு அளவீடு நீக்கிய ஈட்டம்’. நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு.

— ந.

செ., டர்பன்

ந. அண்ணா, நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். தடுத்தது சைக்காவின் (தென்னாப்பிரிக்கப் பட்டயக் கணக்காளர் கழகம்) சுற்றறிக்கை 1/2023இல் உள்ள பட்டியல். ஒவ்வொரு கணக்கியல் தரத்தையும் எடுத்து, எதை விலக்குவது, எதை உள்ளே விடுவது என்று அது வரிவரியாகச் சொல்கிறது. மறு அளவீடு எல்லாமே விலக்கப்படுவதில்லை.

கடன்காரர் தர வேண்டிய தொகையில் எதிர்பார்க்கும் இழப்பு மறு அளவீடுதான், உள்ளே இருக்கிறது. சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதுவதும் உள்ளே. ஆனால் இயந்திரத்தின் மதிப்பிழப்பு வெளியே, முதலீட்டுச் சொத்தின் நியாய மதிப்பு (அன்றைய சந்தை விலையை ஒட்டிய மதிப்பு) மாற்றமும் வெளியே.

நம் பக்கத்துக் கரும்பு வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பின்னும் மண்ணில் நின்று மறுதாம்பு விடும் அடிக்கட்டை, 2016 முதல் இயந்திரத்தைப் போலவே ஐஏஎஸ் 16இன் (கட்டடம், இயந்திரம் போன்றவற்றுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரம்) கீழ் வருகிறது. அது வறட்சியில் பட்டுப்போய் மதிப்பிழந்தால் அந்த நட்டம் நீக்கப்படும். அதன்மேல் நிற்கும் கரும்பு வேளாண்மைத் தரமான ஐஏஎஸ் 41இன் கீழ் நியாய மதிப்பில் நிற்கிறது. சர்க்கரை விலை இறங்கி அதன் மதிப்பு குறைந்தால் அந்த நட்டம் ஹெட்லைன் ஈட்டத்திலேயே தங்கும். ஒரே பாத்தி, ஒரே வறட்சி, நட்டம் இரண்டு இடத்துக்குப் போகிறது. ‘மறு அளவீடு நீக்கிய’ என்று பெயர் வைத்தால் அந்த நிறுவனத்தின் பங்குதாரருக்குத் தவறான செய்தி போகும்.

2021 ஜூலைக் கலவரத்தையும் பாருங்கள். டர்பனில் ஒரு கிடங்கு எரிந்தது என்று வையுங்கள். கட்டடத்தின் நட்டம் வெளியே. அதற்குக் கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீட்டு நிறுவனமான சாஸ்ரியாவிடமிருந்து வரும் இழப்பீடும் வெளியே. கொள்ளை போன சரக்கின் நட்டம் உள்ளே, சரக்குக்கான இழப்பீடு உள்ளே, கடை மூடிக் கிடந்த நாட்களின் வணிகத் தடைக்கான தொகையும் உள்ளே. காப்பீட்டுத் தொகை மொத்தமாக ஒரே காசோலையில் வந்தால், கோரிக்கைப் படிவத்தை எடுத்து மூன்றாகப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்காமல் ‘காப்பீடு’ என்று ஒரே தலைப்பில் தள்ளிவிட்டால் ஹெட்லைன் ஈட்டம் ஊதிப்போகும் அல்லது சுருங்கிப்போகும். இழப்பு ஓர் ஆண்டிலும் இழப்பீடு அடுத்த ஆண்டிலும் விழுந்தால், அடிப்படை ஈட்டம் முதலில் பள்ளத்தில் இறங்கி அடுத்த ஆண்டு மலையேறும். ஹெட்லைன் ஈட்டத்தில் சரக்கு, வணிகத் தடை ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும்.

‘வழக்கமான ஈட்டம்’ என்பதும் இதே காரணத்தால் அடிபடுகிறது. ஆயிரம் பேரை அனுப்பிவிடும் ஆட்குறைப்புச் செலவு எந்த நிறுவனத்துக்கும் வழக்கமானதில்லை, ஆனாலும் அது உள்ளேயே இருக்கும்.

— செ.

வே., சாண்டன்

‘வழக்கமான’, ‘சீரமைத்த’ இரண்டையும் எதிர்க்க எனக்கு இன்னொரு காரணம் உண்டு. நிறுவனங்கள் ஹெட்லைன் ஈட்டத்துக்குப் பக்கத்தில் தம் விருப்பப்படி ‘சீரமைத்த’, ‘இயல்பாக்கிய’ எண்களையும் போடுகின்றன. ஆட்குறைப்பு, கையகப்படுத்தும் செலவு என்று பிடிக்காத செலவையெல்லாம் அவற்றிலிருந்து நீக்கிவிடலாம். எதை நீக்குவது என்று முடிவு செய்வது நிர்வாகம். ஹெட்லைன் ஈட்டத்தில் நிர்வாகத்துக்கு அந்த உரிமை இல்லை, பட்டியல் வெளியிலிருந்து வருகிறது. பங்குதாரர் இந்த எண்ணை நம்பி இரண்டு நிறுவனங்களை ஒப்பிட முடிவதே அதனால்தான். சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடக் கூடாது. உள்ளடக்கம் எதையும் சொல்லாத ‘முகப்பு’ அந்த வகையில் பாதுகாப்பானது.

— வே.

ரா., போர்ட் லூயி

மொரீஷியஸ் பங்குச் சந்தை இதைக் கேட்பதில்லை. ஆனால் இங்கும் ஜொகன்னஸ்பர்க்கிலும் சேர்ந்து பட்டியலான நிறுவனங்களின் அறிக்கையில் வருகிறது, இங்குள்ளவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். முகப்பு ஈட்டம் எனக்குச் சம்மதம். ‘முதன்மை’யை மட்டும் எடுத்துவிடுங்கள், பங்கொன்றுக்கான ஈட்டத்தின் தரமான ஐஏஎஸ் 33இல் வரும் அடிப்படை ஈட்டத்தோடு அது மாறிப்போகும்.



— ரா.

ந., ஜொகன்னஸ்பர்க்

கரும்பு எடுத்துக்காட்டுக்குப் பிறகு என் சொல்லை வலியுறுத்த மாட்டேன். ஒரே கேள்வி: முகப்பு என்றால் வெளிப்பூச்சு, உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள் வராதா?

— ந.

த., பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வெளிப்பூச்சுக்குப் பூச்சு, மினுக்கு என்று வேறு சொற்கள் இருக்கின்றன. முகப்பு இடத்தை மட்டுமே குறிக்கும். சேர்த்து எழுதும்போது முகப்பீட்டம் என்று புணரும், ஆனால் சொல்லடைவில் பிரித்தே எழுதுங்கள். ‘பங்கொன்றுக்கான முகப்பீட்டம்’ என்பதில் கண் தடுமாறும்.

— த.

செ., டர்பன்

மறுப்பு இல்லாததால் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். வே. தம்பி, விதிகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

முகப்பு ஈட்டம்: சாதாரணப் பங்குதாரருக்கு உரிய இலாபத்திலிருந்து, சைக்கா சுற்றறிக்கை விலக்கச் சொல்லும் மறு அளவீடுகளை, அவற்றுக்குரிய வரியையும் சிறுபான்மைப் பங்கையும் சரிக்கட்டி நீக்கிய பின் நிற்கும் தொகை. இதை நிறையிட்ட சராசரிப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தால் பங்கொன்றுக்கான முகப்பு ஈட்டம், சென்ட்டில் தரப்படும். பங்காக மாற்றத்தக்க பத்திரம், பணியாளர் பங்குரிமை ஆகியவற்றால் வரக்கூடிய பங்குகளையும் சேர்த்து வகுத்தால் பங்கொன்றுக்கான நீர்த்த முகப்பு ஈட்டம்.

முன்னறிவிப்பு: அடிப்படை ஈட்டமோ முகப்பு ஈட்டமோ முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 விழுக்காடோ அதற்கு மேலோ மாறும் என்று ஓரளவு உறுதியானதும் நிறுவனம் பங்குச் சந்தையின் செய்திச் சேவையான சென்ஸ் வழியே வெளியிட வேண்டிய அறிவிப்பு.

முன்னறிவிப்பின் கீழ் ஓர் எடுத்துக்காட்டும் வைக்கிறேன். சென்ற ஆண்டு 184 சென்ட், இந்த ஆண்டு 25 முதல் 35 விழுக்காடு குறையும் என்றால், 119.6 முதல் 138 சென்ட்டுக்குள் எதிர்பார்க்கலாம்.

— செ.

வே., சாண்டன்

பதிவு சரியாக இருக்கிறது அக்கா. எடுத்துக்காட்டில் இரண்டு வரி கூட்டுங்கள். சொல்லும் வீச்சின் அகலம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; 10 முதல் 60 விழுக்காடு குறையும் என்று எழுதித் தப்பிக்க முடியாது. இரண்டாவது, சென்ற ஆண்டு 2 சென்ட், இந்த ஆண்டு 3 சென்ட் என்றால் அறிவிப்பில் “50 விழுக்காடு உயர்வு” என்று வரும். விழுக்காட்டை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கிவிடாமல், பக்கத்தில் இருக்கும் சென்ட் எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். முகப்பு ஈட்டத்தை அடிப்படை ஈட்டத்தோடு வரிவரியாகப் பொருத்திக் காட்டும் அட்டவணை குறிப்புகளில் இருக்கும். அதில் மொத்தத் தொகை, நிகரத் தொகை என்று இரண்டு நெடுவரிசை இருக்கும். கூட்டிப் பார்க்க வேண்டியது நிகர நெடுவரிசை.

— வே.