மறு: 'சார்ஜ்' – ஊட்டமா, ஏற்றமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கைபேசித் திரையில் வரும் சொற்களை நாம் தமிழாக்கும் கோப்பில் 'சார்ஜ்' என்பதை மின்னூட்டம் என்பதா, மின்னேற்றம் என்பதா என்ற விவாதத்தை நான்கு நாளாக வெறுமனே படித்துக்கொண்டுதான் இருந்தேன். 'சார்ஜ்' வருகிற இடத்திலெல்லாம் 'மின்னூட்டம்' என்று போட்டுக் கோப்பை மூடிவிடலாம் என்று நேற்றைய மடலில் முடிவே கட்டிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் ஒரு வீட்டுக் கதை. என் மாமா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். "அவருக்கு சார்ஜ் குடுத்துட்டாங்களாம்" என்று ஒருநாள் மதியம் தகவல் வந்தது. கூடுதல் பொறுப்பு கிடைத்திருக்கிறது என்று நினைத்த அத்தை பாயசத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டார். மாமா மாலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது, கொடுத்தது 17(பி) சார்ஜ் என்று. அரசு ஊழியர் குடும்பங்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு: பெரிய தண்டனை வரை போகக்கூடிய துறை ஒழுங்கு நடவடிக்கை அது. பாயசம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஒரே அலுவலகத்தில் 'சார்ஜ் எடுத்தார்' என்றால் பொறுப்பேற்றார், 'சார்ஜ் வந்தது' என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நீதிமன்றத்துக்குப் போனால் குற்றப்பத்திரிகை. பேருந்தில் ஏறினால் கட்டணம். போலீஸ் இறங்கினால் தடியடி. இத்தனைக்கும் தமிழ் தனித்தனிச் சொல்லை அலட்டிக்கொள்ளாமல் வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. மின்சாரம் என்று வந்ததும் மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லைத் தேடுகிறோம்?

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதற்கு ஒரு வண்டிதான் காரணம். லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை பிரெஞ்சு வழியாக 'சார்ஜ்' ஆனது. கார், கார்கோ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். துப்பாக்கியில் மருந்து நிரப்புவதும் சார்ஜ்தான். 1740களில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்ணாடிக் குடுவையான லைடன் ஜாடி வந்தபோது அதில் மின்சாரத்தை நிரப்பவும் இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஜாடிகளை வரிசையாக இணைத்த பெஞ்சமின் ஃபிராங்கிளின், பீரங்கி வரிசைக்கு உரிய 'பேட்டரி'யை அதற்குப் பெயராக வைத்தார். ஆகவே, இந்தச் சொற்கள் ஒருவகையில் பட்டறையிலிருந்தும் பாசறையிலிருந்தும் வந்தவை. அறிவியல் யோசித்து வைத்த பெயர்கள் அல்ல.

இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தம். 'பொறுப்பேற்பு', 'மின்னேற்றம்' இரண்டும் ஒரே வேர் என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. பொறுப்பை ஏற்பது 'ஏல்' என்ற வினை. மின்னை ஏற்றுவது 'ஏறு' என்பதன் பிறவினை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். இயற்பியலில் மின்னூட்டம் என்றால் எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கு உள்ள நேர் அல்லது எதிர் மின்தன்மையின் அளவு. கைபேசி பேட்டரிக்கு சார்ஜ் போடும்போது உள்ளே நிகரமாக மின்னூட்டம் எதுவும் கூடுவதில்லை. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உள்வழியாகப் போகின்றன, எலக்ட்ரான்கள் அதே கணக்கில் வெளிவழியாகப் போகின்றன. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். சேர்வது ஆற்றல், அதுவும் வேதி வடிவில். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று அட்டையில் போட்டிருப்பது 18,000 கூலோமுக்குச் சமம் (கூலோம் என்பது மின்னூட்டத்தை அளக்கும் அலகு). முழுசாக இறங்கும்போது சுற்று வழியாகப் பாயக்கூடிய அளவு அது. ஒரு மின்னல் வெட்டில் இறங்குவதே பொதுவாகச் சில பத்துக் கூலோம்தான். 18,000 கூலோமும் நிகரமாக உள்ளே சேர்ந்து கிடந்தால் கைபேசியும் இருக்காது, அதை வைத்திருக்கிற ஆளும் இருக்க மாட்டார். அதனால் 'மின்னூட்டம் 62%' என்று திரையில் எழுதினால், பதினோராம் வகுப்புப் பையன் பாடப்புத்தகத்தில் படித்ததும் அதுவும் மோதும்.

இன்னொரு வேடிக்கை. எலக்ட்ரானுக்கு யாரும் எதையும் ஊட்டவில்லை. அதன் மின்னூட்டம் கூடவே பிறந்த பண்பு. ஊட்டுவது என்ற வினை உண்மையில் பேட்டரிக்குத்தான் பொருந்தும். இலங்கைப் பாடநூல்களில் மின்னூட்டத்துக்குப் பதிலாக வரும் 'ஏற்ற'த்துக்கும் இதே கதிதான். இருந்தாலும் இரண்டும் தலைமுறைகளாகப் படித்துப் பழகியவை. அவற்றில் கை வைக்க வேண்டாம். 'மின்சுமை' என்று மாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம், மின்பளுவோடு (லோடு) குழம்பும்.

யாழ்ப்பாண நண்பர் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். அவர்களுக்கு ஏற்றம் என்பது இயற்பியல் அளவு. நேரேற்றம், மறையேற்றம் என்றுதான் படிக்கிறார்கள். நாம் பேட்டரிக்கு 'மின்னேற்றம் 62%' என்று போட்டால் அவர்களுக்கு அதே மோதல் வரும். 'மின்னேற்றம்' வேண்டாம் என்ற அவருடைய எதிர்ப்பு நியாயமானது. அதற்கு மின்னூட்டத்தைத் தீர்வாக வைப்பது, பிரச்சினையை மண்டபம் முகாமுக்கு இந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டுக்கு, இழுத்துவிட்டுக்கொள்வதுதான்.

ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? சார்ஜ் ஏறுது. சார்ஜ் இறங்கிடுச்சு. பழைய போன், சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. பெயர்ச்சொல்தான் கடன். ஏறு, இறங்கு, நில் என்று வினை முழுக்க நம்முடையது. இலவசமாகக் கிடைத்த இந்த வினைகளை விட்டுவிட்டு நாம் பெயர்ச்சொல்லுக்கு மல்லுக்கட்டுகிறோம். அப்புறம், "எவ்வளவு சார்ஜ் இருக்கு?" என்று கேட்கிறவர் கேட்பது மின்னூட்டத்தையா? மிச்சம் எவ்வளவு என்றுதானே? கடைக்காரர் சரக்குக்கும் வங்கி கணக்குக்கும் வைத்திருக்கிற சொல் ஒன்று இருக்கிறது: இருப்பு.

என் பரிந்துரை இதுதான். திரையில் 'ஏறுகிறது', கீழே 'இருப்பு 62%'. முடிந்ததும் 'முழுசாக ஏறிவிட்டது'. குறைந்தால் 'இருப்பு குறைவு'. வினையாக வருமிடத்தில் 'மின்னேற்று', கருவிக்கு 'மின்னேற்றி', சாலையோர வண்டிகளுக்கு 'மின்னேற்று நிலையம்'. இவை ஏற்கெனவே புழங்குகின்றன. வினையாக இருப்பதால் யாழ்ப்பாணத்திலும் மோதாது என்று நினைக்கிறேன், நண்பர்தான் சொல்ல வேண்டும். இயற்பியல் உதவிப் பக்கத்தில் மட்டும் மின்னூட்டம், இலங்கைப் பதிப்பில் ஏற்றம்.

'இருப்பு' என்றால் பணம் என்று நினைத்துக்கொள்வார்களே என்பவர்களுக்கு: பக்கத்திலேயே பேட்டரி படம் இருக்கிறது. ஆனால் 'ரீசார்ஜ்' இருக்கிறதே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேட்டரிக்கு மறுபடி ஏற்று என்றால் போதும். சிம் கார்டுக்கு அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. அது காசு கட்டுவது. கோப்பில் அது வருகிற ஏழு வரிகளை மட்டும் 'ரீசார்ஜ்' என்றே விட்டுவைத்திருக்கிறேன். மற்றதை ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடுவேன். மறுப்பு இருந்தால் அதற்கு முன் சொல்லுங்கள்.