ஈடன் மாவட்டத்தைக் கலைத்தது சரியா? இணைத்த விதம் சரியா?

கரையோரம்:
என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா கவுண்டி கவுன்சிலையும் (மேல் அடுக்கு) அதற்குக் கீழே இருந்த 6 மாவட்டக் கவுன்சில்களையும் கலைத்து இரண்டே கவுன்சில்களாக்கினார்கள். அதில் ஈடன் மாவட்டத்தைக் கெண்டல் பக்கத்து சவுத் லேக்லேண்டோடும் கடலோர பாரோவோடும் சேர்த்து ‘வெஸ்ட்மோர்லாந்து அண்ட் ஃபர்னெஸ்’ ஆக்கியது தப்பு. இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை, யாரோடு இணைத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. ஈடன் ஆறு மாலர்ஸ்டாங்கில் பிறந்து, கர்க்பி ஸ்டீஃபன், ஆப்பிள்பி வழியாக வடக்கே ஓடி, கார்லைலைக் கடந்து சால்வே கழிமுகத்தில் கலக்கிறது. ஆறு போகும் திசையில்தான் ஜனங்களும் போகிறார்கள். ஈடனின் முக்கிய ஊரான பென்ரித்திலிருந்து கார்லைல் ரயிலில் கால் மணி நேரம். கெண்டலுக்குப் போக ஷாப் என்ற மலைமேட்டை ஏறி இறங்க வேண்டும். ஈடனின் வடகிழக்கு மூலை மலை ஊரான ஆல்ஸ்டனிலிருந்து பாரோ வரை காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கார்லைலும் ஈடனும் சேர்ந்து வடக்கு, தெற்கு என்று பிரிக்கச் சொல்லி முன்மொழிவே கொடுத்தன. 2021 ஜூலையில் அரசு கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதாக முடிவெடுத்தது. கார்லைல் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

வரவுசெலவு:
பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. வீட்டு வாசலில் குப்பையை எடுப்பது மாவட்டம், அதே குப்பையை ஒழிப்பது கவுண்டி. வீடு கட்ட அனுமதி தருவது மாவட்டம், அந்த வீட்டுக்கு முன்னால் போகும் சாலை கவுண்டி. வீட்டுக்கு வீடு கட்டும் உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் பில்லை அனுப்பி வசூல் செய்வது மாவட்டம், ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அதன் கையில் நிற்கும், மிச்சத்தில் பெரும்பகுதி கவுண்டிக்கு, கொஞ்சம் போலீசுக்கு. பள்ளி, முதியோர் பராமரிப்பு, சாலை, நூலகம் எதுவும் ஈடனிடம் இருந்ததில்லை. 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம், ஏறக்குறைய 55 ஆயிரம் பேர், இங்கிலாந்திலேயே மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம். இதற்குத் தனியாக ஒரு தலைமை அதிகாரி, தனி சட்டப் பிரிவு, தனி கம்ப்யூட்டர் பிரிவு. அந்தச் செலவு கிராமத்துக்கு என்ன கொடுத்தது?

கரையோரம்:
38 கவுன்சிலர்களைக் கொடுத்தது. சராசரியாக 1,400, 1,500 பேருக்கு ஒருவர், அதாவது பண்ணை வாசலில் நின்று பேசக்கூடிய ஒருவர். இப்போது மொத்தக் கவுன்சிலுக்கே 65 பேர், அதை இரண்டேகால் லட்சம் மக்களுக்குப் பகிர்ந்து பாருங்கள். செலவு குறைந்தது என்கிறீர்கள், சரி, ஆள் குறைந்ததையும் கணக்கில் எழுதுங்கள்.

பழையவரைபடம்:
ஈடன் என்னவோ ஆதிகாலத்திலிருந்து இருந்த நாடு மாதிரி பேசாதீர்கள். அது 1974-இல் செய்த அலகு, வாழ்ந்தது 49 வருஷம். பென்ரித்தும் ஆல்ஸ்டனும் கம்பர்லாந்து கவுண்டியில் இருந்தவை, ஆப்பிள்பி வெஸ்ட்மோர்லாந்தின் தலைநகரம். இரண்டையும் பிடித்து ஆற்றின் பெயரை வைத்து ஒட்டினார்கள். வெஸ்ட்மோர்லாந்து வரைபடத்திலிருந்து போனபோது அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயரையே ஆப்பிள்பி-இன்-வெஸ்ட்மோர்லாந்து என்று மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவு வலித்திருக்கிறது. 2023-இல் அந்தப் பெயர் ஒரு கவுன்சிலுக்குத் திரும்பி வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

கரையோரம்:
பெயர் வந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வெள்ளம் பெயரைப் பார்த்து வருவதில்லை. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது ஆப்பிள்பி மூழ்கியது, அதே தண்ணீர் கீழே போய் கார்லைலை மூழ்கடித்தது. மேல் பள்ளத்தாக்கில் ஒரு புல்வெளியில் தண்ணீரைத் தேக்கினால் பலன் கார்லைலுக்கு, இழப்பு ஆப்பிள்பி பக்கத்து விவசாயிக்கு. ஒரே கவுன்சில் என்றால் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசலாம். இன்று ஆற்றின் தலை ஒரு கவுன்சிலில், வால் இன்னொன்றில்.

வரவுசெலவு:
பெரிய ஆறுகள் கவுன்சில் பொறுப்பே இல்லை, அவை தேசிய அளவிலான சுற்றுச்சூழல் முகமையிடம் இருக்கின்றன. மழைநீர் வடிகால், சின்ன ஓடைகள், சாலைக்கு அடியில் போகும் குழாய்கள், இவைதான் கவுன்சில் வேலை. 2023-க்கு முன்பும் அது கவுண்டியின் வேலை, ஈடனுடையது இல்லை. அதே புயலில் அல்ஸ்வாட்டர் ஏரி வாயிலில் இருந்த பூலி பிரிட்ஜ் பாலம், 1764-இல் கட்டியது, அடித்துக்கொண்டு போனதே, அதற்குப் பதிலாக 2020-இல் திறந்த எஃகுப் பாலத்தைக் கட்டியது யார்? கவுண்டிதான். அப்படி ஒரு பாலத்தைக் கட்ட மாவட்டத்துக்கு அதிகாரமும் கிடையாது, பணமும் கிடையாது.

கரையோரம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! அப்போது முழு ஆற்றுக்கும் ஒரே கவுண்டி இருந்தது, ஓடைகளாவது ஒரு கையில் இருந்தன. இப்போது அதையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

கப்பல்தளம்:
நான் பாரோவில் இருக்கிறேன். எல்லாரும் ஈடனுக்கு அநியாயம் என்கிறீர்கள், எங்களைக் கேட்டார்களா? நாங்களும் சவுத் லேக்லேண்டும் மோர்கம் விரிகுடாவைச் சுற்றி, பக்கத்து லங்காஷயர் கவுண்டியின் லங்காஸ்டரோடு சேர விரும்பினோம், முன்மொழிவும் கொடுத்தோம், அதுவும் நடக்கவில்லை. எங்கள் ஊர் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் ஊர், வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், வறுமை ஒரு பெரிய பிரச்சினை. செம்மறி ஆடு வளர்க்கும் மலைக் கிராமத்தின் தேவையும் எங்கள் தேவையும் ஒரே பட்ஜெட்டில் மோதும்போது இரு தரப்புக்கும் சந்தேகம்தான் வரும். அவர்கள் பணம் எங்களுக்கு வருகிறது என்று பென்ரித்தில் நினைப்பார்கள், எங்கள் பணம் மலைச்சாலைக்குப் போகிறது என்று இங்கே நினைக்கிறார்கள்.

பனிக்கோல்:
ஆல்ஸ்டன் பக்கம் ஒருமுறை பனிக்காலத்தில் வந்து பாருங்கள். பென்ரித்திலிருந்து வரும் சாலை ஹார்ட்சைட் கணவாயில் 580 மீட்டர் உயரத்துக்கு ஏறும், வளைவுக்கு வளைவு. பனி மூடினால் சாலை எங்கே முடிகிறது, மேய்ச்சல் நிலம் எங்கே தொடங்குகிறது என்று ஓரத்தில் நட்ட கம்பங்களை வைத்துத்தான் தெரியும். கணவாயை மூடிவிட்டால் பென்ரித்துக்குச் சுற்றித்தான் போக வேண்டும். இன்னொன்று, ஆல்ஸ்டன் தண்ணீர் ஈடனில் சேர்வதே இல்லை, அது சவுத் டைன் ஆறு, நியூகாசில் போய் கிழக்குக் கடலில் விழுகிறது. ஆற்றை வைத்து எல்லை போட்டால் கரையோரம் சார் எங்களை நார்தம்பர்லாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்களுக்குத் தெரிய வேண்டியது உப்பு தூவும் லாரி விடியலுக்கு முன் வருமா என்பதுதான். அதை அனுப்பும் வேலை மாவட்டத்திடம் ஒருநாளும் இருந்ததில்லை.

கரையோரம்:
ஆல்ஸ்டன் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது எந்த எல்லையிலும் ஓரத்தில்தான் நிற்கும். ஆனால் சின்னதாக இருந்தால் பிழைக்க முடியாது என்ற வாதம் எடுபடாது. ரட்லாண்ட் என்ற குட்டிக் கவுண்டியைப் பாருங்கள், ஏறக்குறைய 41 ஆயிரம் பேர், 1974-இல் லெஸ்டர்ஷயரோடு சேர்த்தார்கள், 1997-இல் பிரிந்து வந்து பள்ளி, சாலை, முதியோர் எல்லாவற்றையும் தானே நடத்துகிறது.

வரவுசெலவு:
ரட்லாண்டை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஈடன் பரப்பில் அதைப்போல ஐந்தரை மடங்கு. முதியவரைப் பார்க்கப் போகும் பராமரிப்பு ஊழியர் வண்டியிலேயே பாதி நாளைக் கழிக்கும் நிலத்தில் 55 ஆயிரம் பேர் வரியை வைத்து அதை எப்படி நடத்துவீர்கள்?

பழையவரைபடம்:
ஈடன் ‘தன் நிலத்தைத் தானே தீர்மானித்த மாவட்டம்’ என்று யாராவது சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. ஈடனுக்குள் இருந்த கிளென்ரிடிங் கிராமத்தில் கட்டட அனுமதி லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா ஆணையத்திடம். 2016 ஆகஸ்டிலிருந்து மாலர்ஸ்டாங்கும் ஆர்ட்டனும் யார்க்ஷயர் டேல்ஸ் பூங்காவுக்குள். பென்ரித்துக்கோ 2015 வரை சொந்த டவுன் கவுன்சிலே கிடையாது.

கரையோரம்:
அந்தக் கடைசி விஷயம் என் வாதத்துக்குத்தான் பலம். மாவட்டம் போகும் என்றால் கீழே ஊர் அளவிலான பாரிஷ், டவுன் கவுன்சில்களுக்கு அதிகாரமும் பணமும் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் மேலே ஓர் அடுக்கு வருகிறது. கம்ப்ரியா முழுவதுக்கும் ஒரு மேயர், தேர்தலை 2026-இலிருந்து 2027-க்குத் தள்ளியிருக்கிறார்கள். கவுண்டியைக் கலைத்தவர்களே அதே எல்லைக்கு மறுபடி ஓர் அமைப்பைக் கொண்டுவருகிறார்கள் என்றால், 2023-இல் எதற்கு இரண்டாக வெட்டினார்கள்?

வரவுசெலவு:
மேயருக்குப் போக்குவரத்து, வேலைவாய்ப்பு, முதலீடு. குப்பையும் பள்ளியும் கவுன்சிலில்தான் இருக்கும். பாரிஷுக்குப் பணம் என்பதில் நான் உங்கள் பக்கம், பாரிஷ் தன் பங்கு வரியைத் தானே நிர்ணயிக்கலாம். ஆனால் சில நூறு பேர் உள்ள பாரிஷில் ஒரு விளையாட்டுத் திடல் வேலிக்கே தலைக்கு எவ்வளவு விழும் என்று போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கிருந்து பேசுவோம்.

பனிக்கோல்:
வேலியை பாரிஷே போட்டுக்கொள்ளட்டும். ஹார்ட்சைட் சாலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பாரிஷ் தலையில் கட்டிவிடாதீர்கள், இரண்டு பேரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.