புதுப்பிப்பு: கோபன்ஹேகன் – கோத்தன்பர்க் சைக்கிள் பயணம் முடிந்தது

நானும் மனைவியும் சைக்கிளில் போகிறோம், நினைத்த இடத்தில் கூடாரம் போடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா? போய் வந்தாயிற்று. டென்மார்க்கில் முடியாது, அதற்கென்று ஒதுக்கிய இடங்களில்தான் தங்கினோம். ஹெல்சிங்யோரில் கப்பலேறினால் 20 நிமிடத்தில் ஸ்வீடன். அங்கே 'அல்லமான்ஸ்ரெட்டன்' என்ற, இயற்கை வெளியில் யாரும் நடமாடலாம் என்னும் உரிமைப்படி, வீடுகளை விட்டுத் தள்ளி ஓரிரு இரவு தங்கலாம். இயற்கைக் காப்பகங்களில் மட்டும் அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள், விதி மாறும்.

அப்புறம் கோத்தன்பர்க் வரை ஸ்வீடனின் மேற்குக் கடற்கரையோரமாகப் போகும் கட்டெகாட்லெடன் சைக்கிள் பாதை, சுமார் 390 கி.மீ. ஏற்றம் பெரிதாக இல்லை. எதிர்காற்றுதான் ஆளை உலுக்கிவிட்டது. வழியில் ஃபால்கன்பெரி ஊரைத் தாண்டி, கொட்டும் மழையில் அவளுடைய முன்சக்கரக் கம்பி ஒன்று தெறித்தது. விரல் விறைக்க விறைக்க நான் மாற்றுக் கம்பியை மாட்டி முடிக்கவும், ஸ்பிரிட் அடுப்பில் போட்ட காபியை அவள் நீட்டவும் சரியாக இருந்தது. மாற்றுக் கம்பி எடுத்துப்போகச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.