மூன்றாவது சந்திப்போடு நின்றுபோகும் வழிகாட்டல்: என்ன செய்யலாம்?

வணக்கம். கோவையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. இறுதியாண்டு பி.காம் மாணவர்கள் 24 பேர், அவர்களுக்கு வழிகாட்டிகளாக நிதித்துறையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் 8 பேர். ஆகஸ்டில் தொடங்கினோம், ஜனவரியில் வளாக வேலைவாய்ப்புத் தேர்வு (கேம்பஸ் பிளேஸ்மென்ட்). மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு பாதி குழுக்கள் பேசுவதே இல்லை.

ஒரு காரணம் தெரியும். செப்டம்பர் 30 வரி தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள், வங்கிகளுக்கு அரையாண்டுக் கணக்கு முடிப்பு. அந்த மாதம் ஆடிட்டர்களும் வங்கிக்காரர்களும் கிடைக்கவே மாட்டார்கள். அதனால் அக்டோபர் நடுவில் மறுபடி தொடங்கினோம். ஒருமணி நேரத்தை 30 நிமிடமாக்கினோம். கேள்விகளை இரண்டு நாள் முன்பே எழுதி அனுப்பச் சொன்னோம். வருவதென்னவோ "கைடன்ஸ் வேணும் சார்" என்ற ஒற்றை வரிதான். ஒருவருக்கு மூவர் என்று குழு பிரித்தால் ஒரே மாணவர் பேசுகிறார், மற்ற இருவர் மைக்கை அணைத்துவிடுகிறார்கள்.

என்ஐஎஸ்எம் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வில் (பங்குச் சந்தை ஆய்வாளருக்கான சான்றிதழ்த் தேர்வு) தேறியவர்கள்கூட மாதிரி நேர்காணலில் திணறுகிறார்கள். தேய்மானம் 10 ரூபாய் கூடினால் (வரி 25%) நிகர லாபம் 7.50 குறையும் என்பதைச் சரியாகச் சொல்கிறார்கள், வரி குறைவதால் ரொக்கம் 2.50 கூடும் என்பதில் தடுக்கிவிடுகிறார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிட வேலை.

இப்படி நடத்தி ஜனவரி வரை கொண்டுபோனவர்கள் சொல்லுங்கள்: மூன்றாவது சந்திப்பிலிருந்து மாணவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?