இத்தாலிய 'அந்தாரே': எங்கே 'ஆ', எங்கே 'இன்', எங்கே 'தா'?

கேள்வி:
வணக்கம். 'அந்தாரே' (போதல்) வினையில் வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வன்னோ வரை மனப்பாடம். வாக்கியத்தில் போட்டால்தான் தப்பு வருகிறது. இடப்பெயருக்கு முன்னால் எப்போது 'ஆ', எப்போது 'இன்'? 'மழை பெய்யப் போகுது' என்பதற்கு 'வா ஆ பியோவெரே' என்று எழுதினேன், தவறு என்கிறார்கள். ஏன்?

பதில் 1:
ஊருக்கு 'ஆ': வாதோ ஆ ரோமா. நாடு, மாநிலம், பெரிய தீவுக்கு 'இன்': இன் இதாலியா, இன் தொஸ்கானா, இன் சிசிலியா. காப்ரி போன்ற சின்னத் தீவுக்கு மறுபடி 'ஆ'. ஆளிடம் போவதென்றால் 'தா'. நாம் 'ஊருக்கு', 'டாக்டர்கிட்ட' என்று பிரிக்கிறோமே, அதே பிரிவுதான்: வாதோ தால் மேதிக்கோ. அன்றாட இடங்களுக்கு விதி தேடாமல் சொல்லோடு சேர்த்தே படியுங்கள்: ஆ காஸா (வீடு), ஆ ஸ்குவோலா (பள்ளி), அல் மாரே (கடல்), இன் பாங்க்கா (வங்கி), இன் மொந்தான்யா (மலை).

பதில் 2:
மழைக்கு வருவோம். தமிழில் 'போகுது' எதிர்காலத்தையும் காட்டும். அந்தாரே அந்த வேலையைச் செய்யாது. 'வாதோ ஆ மஞ்ஜாரே' என்றால் சாப்பிடுவதற்காக இந்த இடத்தை விட்டுக் கிளம்புகிறேன் என்றே பொருள். நடக்க இருப்பதற்கு 'ஸ்தாரே பெர்': ஸ்தா பெர் பியோவெரே.

இறந்தகாலத்தில் துணைவினை 'எஸ்ஸெரே' (இருத்தல்). 'ஓ அந்தாத்தோ' தவறு. ஆண் 'ஸோனோ அந்தாத்தோ', பெண் 'ஸோனோ அந்தாத்தா'. பன்மையில் அந்தாத்தி, எல்லாரும் பெண்கள் என்றால் அந்தாத்தே.

பதில் 3:
உச்சரிப்பு பற்றி ஒன்று. அந்தாத்தோவில் 'த்தோ' என்று எழுதுவது வல்லொலி என்று காட்டத்தான், அங்கே அழுத்தி நிறுத்தக் கூடாது. வன்னோவில் உள்ள 'ன்ன' நிஜமான இரட்டை, அதை விழுங்கிவிடாதீர்கள்.

போனில் 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்' என்போம், 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். இத்தாலியனும் அப்படியே: கேட்பவர் இருக்கும் இடத்துக்கு என்றால் 'வெனீரே' (வருதல்). தொமானி வெங்கோ தா தே. இங்கே தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 'டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'ஸ்தோ அந்தாந்தோ தால் மேதிக்கோ' சரியா?

பதில் 2:
சரி. வழியில் இருக்கும்போது மட்டும் அப்படி. நாளைக்குப் போவதற்கு வெறும் 'வாதோ' போதும்: தொமானி வாதோ தால் மேதிக்கோ.