வைரஸ் வகையும் மருவின் உருவும்: ஒரு சொல் பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வைரஸ் தொற்றிய உயிரணுவில் அவ்வைரசின் வகைக்கேற்பத் தோன்றும் மாற்றத்தைக் குறிக்கும் ‘டைப்-ஸ்பெசிஃபிக் சைட்டோபதிக் எஃபெக்ட்’ என்பதற்கு ‘வகைசார் செல் சிதைவு விளைவு’ என்ற சொல் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. இதில் ‘சிதைவு’ பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மருக்களை உண்டாக்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸ், தான் குடிபுகுந்த தோல் உயிரணுவை உடைத்துக்கொண்டு வெளியேறுவதில்லை. தோலின் அடித்தள உயிரணுவில் நுழைந்து, அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்கள் மேலேறி முதிரும்போது பெருகி, இறுதியில் உதிரும் செதில்களோடு வெளியேறுகிறது. நுண்ணோக்கியில் நாம் காண்பது அந்த உயிரணு பூண்டிருக்கும் மாற்றுருவையே. ஆதலால் ‘உயிரணு நோயுரு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

இந்த நோயுரு வைரஸ் வகைக்கேற்ப மாறுவதுதான் இத்துறையின் சுவையான செய்தி. உள்ளங்காலில் ஆழப் பதிந்து, நடக்கும்போது வலிக்கும் மருவை உண்டாக்கும் 1ஆம் வகை, உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் (உட்கருவைச் சூழ்ந்த பகுதியில்) இளஞ்சிவப்பாகச் சாயமேற்கும் பெரிய குருணைகளை நிரப்புகிறது. 4, 60, 65 ஆகிய வகைகளில் அதே இடத்தில் குருணையற்ற ஒருபடித்தான திரள் காணப்படுகிறது. அம்மருக்கள் கருமை படர்ந்தும் இருக்கக்கூடும். 63ஆம் வகையிலோ அது இழையிழையாக அமைகிறது. முகத்திலும் புறங்கையிலும் தட்டையாகத் தோன்றும் மருக்களுக்குக் காரணமான 3, 10 ஆகிய வகைகளில், நடுவே உட்கருவும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாக உயிரணுக்கள் பறவைக் கண்ணைப் போலத் தெரியும். எனவே, தேர்ந்த நோயியல் மருத்துவர் ஒருவர் மரபணுச் சோதனைக்கு முன்னரே, சாயமேற்றிய திசுச் சீவலைக் கொண்டு வைரஸ் எவ்வகை என்று ஓரளவு ஊகிக்க இயலும்.

அடுத்து, ‘வகை’ என்னும் சொல். பாப்பிலோமா வைரஸ்களில், வெளியுறைப் புரதத்துக்கான எல்1 மரபணுவின் வரிசை, அறியப்பட்ட மிக நெருங்கிய வகையிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால்தான் அது தனி வகையாக ஏற்கப்படுகிறது. அவ்வளவு வரையறையுள்ள சொல்லையே ‘மருவின் வகைகள்’ என்றும் நாம் எழுதிவந்தால், வைரசைச் சொல்கிறோமா மருவைச் சொல்கிறோமா என்று மாணவர்கள் தடுமாறுவார்கள். வைரசுக்கு ‘வகை’ என்றும், கண்ணுக்குத் தெரியும் மருவின் தோற்றத்துக்கு ‘மருவுரு’ என்றும் பிரித்து வைத்துக்கொள்ளலாம். (பேச்சுவழக்கில் கழுத்தில் தொங்கும் சதைத் துணுக்கையும் மரு என்கிறோம், அது வைரசால் வருவதன்று. அதற்கு வேறு சொல் தேவை.)

‘ஸ்பெசிஃபிக்’ என்பதற்கு ‘சார்’, ‘உரிய’ ஆகிய இரண்டில் எதைக் கொள்வது என்ற கேள்விக்கு, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் ஆள வேண்டும் என்பதே என் கருத்து. நோயுரு வைரஸ் வகையை நெருக்கமாகப் பின்பற்றுவதால் ‘வகைக்குரிய உயிரணு நோயுரு’ எனலாம். மருவுரு அத்தகையதன்று. ஒரே 2ஆம் வகை விரலில் சொரசொரப்பான மேடாகவும், உடல் எடை அழுத்தும் உள்ளங்காலில் தட்டையாகப் பரவியும் வரலாம். நோயெதிர்ப்பாற்றலும் அதை மாற்றும். 5, 8 ஆகிய வகைகள் பெரும்பாலோர் தோலில் எந்த அடையாளமும் காட்டாமல் இருக்க, எபிடெர்மோடிஸ்பிளேசியா வெருசிஃபார்மிஸ் என்னும் அரிய பரம்பரைக் குறைபாடு உடையோரிடம் தட்டை மருக்களாகவும் செதில் படர்ந்த திட்டுகளாகவும் பரவி, வெயில் படும் இடங்களில் புற்றாகவும் மாறக்கூடும். ஆகவே அங்கே ‘வகைசார் மருவுரு’ என்பதே நேர்மையான சொல்லாகும்.

தொற்றிய உயிரணுவுக்குள் நுண்ணோக்கியில் தெரியும் திரளைக் குறிக்கும் ‘இன்குளூஷன் பாடி’ என்பதற்கு ‘உட்படிவு’ எனலாமா? 1ஆம் வகையின் குருணைகள் வைரசின் ஈ4 புரதம் உயிரணுவுக்குள் திரண்டு படிவதால் உருவாகின்றன என்பதால் இச்சொல் பொருந்தும் என நினைக்கிறேன். ஆனால் பிற வைரஸ்கள் தொற்றிய உயிரணுக்களின் உட்கருவில் காணப்படுபவற்றுக்கும் இது ஒத்துவருமா என்பதை நோயியல் பயின்ற அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.